இரவல் கட்டைவிரல்

“என் கட்டைவிரலை எனக்குத் திருப்பிக் குடு.”

போர்வையின் இரண்டு முனைகள் மகள் கையில் இருந்தன, இரண்டு முனைகள் அம்மா கையில். மூன்று வருடமாக அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இதை மட்டும் கேட்கக்கூடாது. “உசுரைக் கேளு, தர்றேன். அதை மட்டும் வாயைத் திறந்து கேட்டுறாதே” என்று அம்மா அன்றைக்கே சொல்லிவைத்திருந்தாள். மகள் இன்றைக்குக் கேட்டுவிட்டாள். போர்வை மடிக்கிற நேரம் பார்த்துத்தான் கேட்டாள். ஒருத்தி கையை விட்டாலும் துவைத்த துணி தரையில் விழும். அம்மா எதை வேண்டுமானாலும் பொறுப்பாள், துவைத்த துணி தரையில் விழுவதைப் பொறுக்க மாட்டாள்.

அம்மா முனையை உதறினாள். “இழுத்துப் பிடி. சுருக்கம் விழுது.”

“காதுல விழலையா?”

“விழுந்துச்சு. தெருவுக்கே விழுந்துச்சு. ஜன்னலைச் சாத்திட்டு வந்து கத்து.”

ஜன்னலைச் சாத்தினால் அந்த ஒற்றை அறையில் மூச்சு முட்டும். திறந்து வைத்தாலும் பெரிய வித்தியாசம் கிடையாது. கையை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவர் தட்டும். மகள் சாத்தவில்லை.

விஷயம் இதுதான். அம்மாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை, காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை. கறை பட்ட விரிப்புகளை பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டு, கசக்கி, இயந்திரத்தில் ஏற்றுகிற பிரிவு. கையுறை கொடுப்பார்கள். அது ஒரு வாரத்தில் கிழியும், அடுத்த ஜோடி வர ஒரு மாதம் ஆகும். மிச்ச நாளெல்லாம் வெறுங்கை. அப்படியே வருடங்கள் போனதில் அம்மாவின் விரல்களில் ரேகை என்பதே இல்லாமல் போய்விட்டது. துடைத்த தட்டு மாதிரி மழமழவென்று இருந்தன. “எனக்குக் கைரேகை பாக்க வந்தவன், உனக்கு நேத்தும் இல்ல நாளைக்கும் இல்லன்னு எழுந்திரிச்சுப் போயிடுவான்” என்று அம்மாவே சொல்லிச் சிரிப்பாள்.

சிரிப்பு நின்றது, ஒப்பந்தக் கம்பெனி பின்வாசல் சுவரில் ஒரு கறுப்புப் பெட்டியை மாட்டியபோது. வரும்போது கட்டைவிரலை வை, போகும்போது கட்டைவிரலை வை. பச்சை எரிந்தால் வேலை, சிவப்பு எரிந்தால் வீடு. பதிவு செய்த அன்று அம்மாவுக்கு முன்னால் நின்ற ஐந்து பெண்களின் விரலைப் பெட்டி ஏற்கவில்லை. ஐந்து பேரையும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள், அப்புறம் ஓரமாகவே போய்விடச் சொன்னார்கள். ஆறாவது ஆள் அம்மா. அம்மா மறந்து விட்டுப்போன அடையாள அட்டையின் நகலைக் கொடுக்க மகள் அப்போதுதான் வந்து பக்கத்தில் நின்றாள். கல்லூரியில் இரண்டாம் வருடம், மதியம் ஒரு மணிக்கே முடிகிற காலை வகுப்பு. அம்மா நகலை வாங்கவில்லை, நகலைப் பிடித்திருந்த கையை வாங்கினாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கட்டைவிரலைப் பெட்டியில் அழுத்தினாள். பச்சை எரிந்தது. பதிவு செய்தவன் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். “அடுத்து” என்றான். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து அம்மா வேலைக்குப் போக வேண்டுமென்றால் மகளும் போக வேண்டும். காலை ஆறுக்கு ஒரு முறை, மதியம் இரண்டுக்கு ஒரு முறை. அந்தக் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் அத்தனை பேரும் கைநாட்டு. அம்மா மட்டும் முப்பது வயதுக்கு மேல் மெனக்கெட்டுக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாள். முதல் பட்டதாரி மகள்தான். வேதியியலில் முதல் வகுப்பில் தேறிவிட்டு, தினமும் இரண்டு வேளை கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அந்த விரலுக்கு நடந்த உபசாரம் புது மாப்பிள்ளைக்குக் கூட நடக்காது. மகள் கத்தியைத் தொடக்கூடாது. சூடான பாத்திரம் தூக்கக்கூடாது. சோப்புத் தண்ணீரில் கை வைக்கக்கூடாது. எட்டு மணி நேரம் துவைத்துவிட்டு வருகிற அம்மா வீட்டுப் பாத்திரத்தையும் தானே தேய்த்தாள். ஒரு தடவை மகள் தகர டப்பா மூடியில் விரலைக் கிழித்துக்கொண்டாள். அம்மா முதலில் கன்னத்தில் ஒன்று வைத்தாள், அப்புறம் விரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதது மகளுக்காகவா விரலுக்காகவா என்பது அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நான்கு நாள் அம்மா காய்ச்சல் என்று லீவு போட்டாள்.

படிப்பு முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு பெயின்ட் கம்பெனி கூப்பிட்டது, அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகம் கூப்பிட்டது. இரண்டும் ஒன்பதிலிருந்து ஐந்து வரை, இரண்டும் தூரம். அவள் ஆஸ்பத்திரித் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மற்றவர்களின் வேலை விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்தாள். இரண்டு மணிக்கு ஓடிப்போய்த் திரும்ப அந்தக் கடைக்காரர் ஒருவர்தான் அனுமதித்தார்.

“பாதி மடி” என்றாள் அம்மா.

மடித்தார்கள். முகத்துக்கு முகம் வந்து, முனைகளைக் கைமாற்றிக்கொண்டு, மறுபடி பின்வாங்கினார்கள்.

“தண்ணி பரிசோதிக்கிற லேப்ல வேலை கிடைச்சிருக்கு. ரயில்ல ஒன்பது மணி நேரம். நாளை மறுநாள் காலையில சேரணும்.”

“மாட்டேன்னு எழுதிப் போடு.”

“வர்றேன்னு எழுதிப் போட்டுட்டேன். நாளைக்கு மூணு மணிக்கு வண்டி.”

அம்மாவின் கை நின்றது. ஆனால் துணியை விடவில்லை. “பதினஞ்சு மாசம்” என்றாள். “பதினஞ்சே மாசம். சேந்து பத்து வருஷம் ஆயிடும். நிரந்தரம் பண்ணிடுவாங்க. அப்புறம் நீ கையைக் காலை எங்க வேணா தூக்கிட்டுப் போ.”

“பெயின்ட் கம்பெனி வந்தப்ப ஆறு மாசம்னே. ஸ்கூல் வந்தப்ப ஒரு வருஷம்னே. இப்பப் பதினஞ்சு மாசம். உன் கணக்கு மட்டும் ஏம்மா முன்னாடி போகாம பின்னாடியே போகுது?”

“உன்னைப் பத்து மாசம் சுமந்தேன்டி நான்.”

“பத்து மாசத்துல நீ இறக்கி வெச்சுட்டே. நான் மூணு வருஷமா இறக்கவே இல்ல.”

அம்மா போர்வையின் சுருக்கத்தைத் தட்டினாள். “நல்லாப் பேசக் கத்துக்குடுத்திருக்கான் காலேஜ்ல” என்றாள்.

“எல்லாரையும் மாதிரி நம்பர் வாங்கிக்கயேன். நெட்டைச் சித்தி வாங்கலை?”

நெட்டைச் சித்தி, அன்றைக்கு ஓரமாகப் போகச் சொன்ன ஐந்து பேரில் ஒருத்தி. அம்மாவின் சிநேகிதி. எட்டு மாதத்துக்கு முன்னால் ஆள் பற்றாக்குறை வந்து, கம்பெனி அந்த ஐந்து பேரையும் திரும்பக் கூப்பிட்டது. ரேகை தேய்ந்தவர்களுக்கு ஒரு நான்கு இலக்க எண் கொடுத்தார்கள். மூன்று தடவை விரலை வை, மூன்று தடவையும் சிவப்பு எரிந்தால் எண் உனக்கு. சித்தி இப்போது முழங்கையால் எண்ணை அமுக்கிவிட்டு இடுப்பை ஆட்டிக்கொண்டு உள்ளே போகிறாள்.

அம்மாவால் அதைக் கேட்க முடியாது. அவள் விரல்தான் மூன்று வருடமாக ஒரு நாள்கூடச் சிவப்பைப் பார்த்ததில்லையே. புது மேனேஜர் பட்டியலைப் பார்த்து அசந்துபோய், அம்மாவை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கைதட்டினார். “இவங்களும் அதே தொட்டியிலதான் கை வைக்கிறாங்க. எப்படிப் பாத்துக்கறாங்க பாருங்க! சொல்லுங்கம்மா, என்ன பண்றீங்க?” அம்மா விழித்தாள். வாய்க்கு வந்தது, “எண்ணெய் தடவுவேன் சார்.” மறுநாள் சலவைக்கூடமே விரலில் எண்ணெயோடு வந்து நின்றது. பெட்டி வழுக்கி வழுக்கிக் கடைசியில் அணைந்தே போனது. மூன்று நாள் ரிப்பேர். பதிவு நாளில் உண்மையாக நின்றவர்கள் கையை வீசிக்கொண்டு நடக்கிறார்கள். புத்திசாலியாக நின்றவள் மாட்டிக்கொண்டாள், மகளையும் மாட்டிவிட்டாள்.

“நம்பர் கேட்டா விரலைக் காட்டச் சொல்லுவான்” என்றாள் அம்மா. “காட்டினா, அப்ப இவ்வளவு நாள் வெச்சது யாரு விரல்னு கேப்பான். உண்மையா நின்னவளுக்கு மன்னிப்பு இருக்குடி. ஏமாத்தினவளுக்கு என்ன இருக்கு?”

“அதை நாளைக்கு ரெண்டு மணிக்கு மேனேஜர்கிட்டயே கேக்கலாம். நான் சொல்லத்தான் போறேன். நீ கூட வந்தாலும் சரி, வராட்டியும் சரி.”

“சொல்லிப் பாரேன்.”

“சொல்றேன் பாரு.”

“என் சோத்துல மண்ணைப் போடத்தான் உன்னைப் படிக்க வெச்சேனா?”

“நான் உனக்குப் பொண்ணாம்மா, விரலா?”

போர்வை கையகலத்துக்கு வந்திருந்தது. அம்மா அதை வாங்கி அலமாரியில் வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: “ரெண்டும் ஒண்ணாத்தாண்டி பொறந்துச்சு. தனித்தனியா பெக்க எனக்குத் தெரியல.”

மறுநாள் காலை ஐந்தரைக்கு எப்போதும் போல இருவரும் நடந்தார்கள். இருபது நிமிட நடை. எண்ணிப் பார்த்தால் ஆயிரம் தடவை நடந்திருப்பார்கள். மகளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வருவது இந்த நடையில்தான். இதை அவளால் வெறுத்துத் தொலைக்க முடியவில்லை. பரீட்சைக்கு முந்தைய பாடமெல்லாம் இந்தத் தெருவில் அம்மாவிடம் ஒப்பித்தவைதான். அம்மாவுக்கு ஒரு எழவும் புரியாது, ஆனால் எங்கே தடுமாறுகிறாள் என்பது மட்டும் சரியாகத் தெரியும். “அங்க இழுத்தே பாரு, அதை இன்னொரு தடவை படி” என்பாள். ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று அவள் சொன்னது இங்கேதான். அவன் சரியான வெத்துவேட்டு என்று அம்மா கண்டுபிடித்துச் சொன்னதும் இங்கேதான். கூட்டாளிகள் தங்கள் அம்மாக்களோடு வாரத்துக்கு ஒரு முறை போனில் “சாப்பிட்டியா, சாப்பிட்டேன்” என்று முடித்துக்கொள்ளும்போது, இவளுக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிடம் அம்மா வாய்த்தாள். சிறைக்குள்ளே இவ்வளவு நல்ல பேச்சுத்துணை இருந்தால் கைதி எப்படித்தான் தப்புவாள்?

இன்றைக்கு அம்மா பேசவில்லை. வாசலில் வாட்ச்மேன் மீசையைத் தடவிக்கொண்டு வானத்தைப் பார்க்கத் தொடங்கினார். மூன்று வருடமாக அவர் இந்த இருவர் வரும்போது மட்டும் வானத்தைப் பார்ப்பார். அம்மா தன் நீலக் கோட்டின் நுனியால் மகளின் கட்டைவிரலைத் துடைத்தாள், பச்சைப் பிள்ளைக்கு மூக்கைத் துடைப்பது போல. பெட்டியில் வைத்தாள். பச்சை.

“மத்தியானம் வருவே இல்ல?” என்றாள், மகளைப் பார்க்காமல்.

“வருவேன். வந்துட்டுத்தான் போவேன்.”

இரண்டு மணிக்கு மகள் பயணப் பெட்டியோடு வந்தாள். சக்கரம் ஒன்று உடைந்த பெட்டி, தெரு முழுக்கக் கரகரவென்று சத்தம் போட்டது. அம்மா வெளியே வந்து பெட்டியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மறுபடி பெட்டியைப் பார்த்தாள். பின்னால் வந்த நெட்டைச் சித்தி, “என்னடி, மகாராணி ஊருக்குக் கிளம்பியாச்சா? உங்கம்மாவை யாரு மேய்ப்பா?” என்று சிரித்தாள். யாரும் சிரிக்காததைப் பார்த்துத் தன் எண்ணை அமுக்கிவிட்டு நழுவினாள்.

அம்மா கேட்காமலே மகள் போய் விரலை வைத்தாள். அன்றைய எட்டு மணி நேரத்தை அம்மா உழைத்திருந்தாள், அதை விட்டுவிட முடியாது. பச்சை எரிந்தது. பிறகு நேராக வாசலுக்கு இடப்புறம் இருந்த ஆபீஸ் அறைக்கு நடந்தாள். அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் பின்னால் ஓடி வந்தாள். “வேணாம்டி. உன் கால்ல விழறேன். வேணாம்.” மகள் கதவைத் தள்ளினாள்.

மேனேஜர் சாப்பிட்ட டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். அறையில் இரண்டு நாற்காலிகள், சுவரில் வருகைப் பட்டியல்.

“சார், இவங்க பேருல மூணு வருஷமா விரல் வைக்கிறது நான்தான்” என்றாள் மகள்.

“பொய் சார்!” அம்மா குறுக்கே வந்து நின்றாள். “இவளுக்கு உடம்பு சரியில்ல. காய்ச்சல்ல என்னென்னமோ உளர்றா. வாடி வெளியில.” அம்மாவின் இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள் இருந்தன.

மேனேஜர் ஒருத்தியை விட்டு ஒருத்தியைப் பார்த்தார். முட்டாள் இல்லை அவர். “கையை வெளிய எடுங்கம்மா” என்றார்.

அம்மா எடுக்கவில்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது. கைதட்டினது ஞாபகம் வந்திருக்க வேண்டும், காது சிவந்தது. “ஆள்மாறாட்டம். என்னை வெச்சு வேடிக்கை காட்டியிருக்கீங்க, ரெண்டு பேரும்.”

“பதிவு பண்ணது உங்க ஆளு” என்றாள் மகள். “யாரு விரல்னு பாக்காதது உங்க ஆளு. அந்தத் தண்ணியில எவ்வளவு மருந்து கலக்கணும்னு டப்பா மேலயே போட்டிருக்கு. நீங்க கலக்கறது நாலு மடங்கு. நான் படிச்சது அதுதான், எனக்குத் தெரியும். கையுறை குடுத்திருந்தா எங்கம்மாவுக்கு அவங்க விரல் இருந்திருக்கும். அவங்களுக்கு நம்பர் குடுங்க. நான் கேக்கறது அவ்வளவுதான்.”

“ஓ, படிச்ச பொண்ணு!” மேனேஜர் சிரித்தார். அவர் கண் பயணப் பெட்டியில் விழுந்தது. “எங்க கிளம்பியிருக்கே? புது வேலையா? நல்லது. எந்த இடம்னு சொல்லு. ஒரே ஒரு போன் பண்றேன். கள்ளக் கைநாட்டு வெக்கிற பொண்ணை எவன் சேத்துக்கறான்னு பாக்கலாம்.”

மகள் எல்லாவற்றுக்கும் பதில் தயாரித்து வந்திருந்தாள். இதற்குத் தயாரிக்கவில்லை.

அப்போதுதான் அம்மா கையை எடுத்தாள். இரண்டு கைகளையும் மேஜைமேல் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் மல்லாத்தி வைத்தாள். வெளிறி, ஊறி, நகத்தோரம் வெடித்த கைகள்.

“பாத்துக்கோ” என்றாள். மேனேஜரை அவள் சார் போடாமல் பேசியதை மகள் அதுவரை கேட்டதில்லை. “அவ வைக்கலை. நான் பிடிச்சு இழுத்து வெச்சேன். அவளுக்கு அப்பப் பதினெட்டு வயசு. அம்மா இழுத்தா வர்ற வயசு. அவ போற இடத்துக்கு நீ போன் பண்ணு. நான் மேல ஆஸ்பத்திரியில போய் வார்டு வார்டா இந்தக் கையைக் காட்டறேன். உங்க போர்வையை எதுல துவைக்கிறாங்கன்னு படுத்திருக்கறவங்க பாக்கட்டும். எனக்கு இன்னிக்கு ஷிப்ட் முடிஞ்சுது. நிறைய நேரம் இருக்கு.”

மேனேஜர் அந்தக் கைகளைப் பார்க்காமல் இருக்க முயன்று, பார்த்தார். டப்பாவைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

“இதை நான் முடிவு பண்ண முடியாதும்மா” என்றார், குரல் இறங்கி. “தலைமை ஆபீஸ்ல கேக்கணும். வெள்ளிக்கிழமை ஆள் வருவாங்க, விசாரிப்பாங்க. வேலை இருக்குமா போகுமான்னு அவங்கதான் சொல்லணும்.” பிறகு மகளைப் பார்த்து நாற்காலியைக் காட்டினார். “நீ உக்காரு. சொன்னதெல்லாம் எழுதிக் குடு. விசாரணை முடியற வரைக்கும் நீ ஊரை விட்டுப் போகக்கூடாது. நீ இல்லேன்னா உங்கம்மா பக்கம் பேச ஆள் இல்ல, பாத்துக்கோ.”

மணி இரண்டு இருபத்தைந்து. மகள் அந்த நாற்காலியைப் பார்த்தாள். நீலப் பிளாஸ்டிக், ஒரு கால் சற்றுக் குட்டை. உட்கார்ந்தால் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வந்தால் அடுத்த திங்கள். திங்கள் வந்தால் இன்னும் கொஞ்சம். அவளுக்கு இந்தக் கணக்கு தெரியும். கறுப்புப் பெட்டியும் நாற்காலியும் வேறுவேறு, பிடி மட்டும் ஒன்றுதான்.

அம்மாவைப் பார்த்தாள். போ என்று அம்மா சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. கைகளை மேஜையிலிருந்து எடுக்கவும் இல்லை. முகத்தில் பயம் இருந்தது. அதை மறைக்கிற வேலையை மட்டும் இன்றைக்கு அவள் செய்யவில்லை. மகளின் முடிவு போன வாரம் கடிதத்தைத் தபாலில் போட்டபோதே எடுத்தாயிற்று.

மேஜைமேலிருந்த பேனாவை எடுத்தாள். காலி உறை ஒன்றின் பின்பக்கம் லேபின் முகவரியை எழுதினாள், போன் எண்ணை எழுதினாள், கீழே கையெழுத்துப் போட்டாள்.

“என்ன கேக்கணும்னாலும் இங்க கேளுங்க. உண்மையைத்தான் சொல்லுவேன். போன் பண்றதா இருந்தாலும் இதே நம்பர்தான்.”

பயணப் பெட்டியைத் தூக்கினாள். கதவருகே நின்றாள். “அம்மா...” என்றாள். ஆயிரம் நடையில் எல்லாவற்றையும் பேசித் தீர்த்திருந்தார்கள், இதற்கென்று ஒன்றை மிச்சம் வைக்கத் தோன்றவில்லை.

“ரயில்ல ஜன்னல் பக்கம் உக்காராதே. தூசி அடிக்கும்” என்றாள் அம்மா, திரும்பாமல்.

மகள் கதவைத் திறந்தாள்.

“ஏய், நில்லு! உக்காருன்னு சொன்னேன் இல்ல?” என்று மேனேஜர் கத்தினார்.

“அவ உக்கார மாட்டா சார்” என்று அம்மாவின் குரல் பின்னால் கேட்டது. நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. “என்ன கேக்கணுமோ எங்கிட்டக் கேளுங்க.”

மகள் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியிருந்தாள். ஸ்டேஷனுக்கு இருபது நிமிட நடை. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.